வளர வளர வாசிப்பு ரசனை ஏன் இடம் மாறுகிறது

ஆறு வயதுக் குழந்தை ஒரு வரியின் கீழே விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கடந்து போவதை எல்லோரும் கண்டிருப்போம். வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோய், விரல் மறுபடியும் முதல் சொல்லுக்கே திரும்பும். அதே குழந்தைக்கு முந்தைய இரவு பெரியவர் ஒருவர் படித்துக் காட்டிய கதையோ இதைவிடப் பல மடங்கு சிக்கலானது. அதில் சூழ்ச்சி உண்டு, ஏமாற்றம் உண்டு, நாடு தாண்டிப் போகும் பயணம் உண்டு. காதால் கேட்கும்போது அத்தனையையும் பின்தொடரும் குழந்தை, கண்ணால் படிக்கும்போது மூன்று சொல் வாக்கியத்தோடு களைத்துவிடுகிறது. அதற்கு எந்தக் கதை பிடிக்கும் என்று கேட்டால் ஒரு விடையும், எந்தப் புத்தகத்தைத் தானாக எடுத்துப் படிக்கும் என்று கேட்டால் வேறொரு விடையும் கிடைக்கும். வாசிப்பு ரசனை எப்படி உருவாகிறது, ஏன் மாறுகிறது என்பதை இந்த இடைவெளியிலிருந்து பார்க்கத் தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். ரசனை மனத்தின் விருப்பம் மட்டுமன்று. படிக்கும் உழைப்புக்குப் போக மனத்தில் எவ்வளவு கவனம் மிச்சமிருக்கிறது, அந்த வயதில் வாழ்க்கை எந்தக் கேள்வியைத் திறந்து வைத்திருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே அது அமைகிறது.

வாசிப்பு வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் ஒரு மாடிப்படியைக் கற்பனை செய்துகொள்கிறோம். அடியில் படக்கதைகள், அதற்கு மேலே சாகசக் கதைகள், பிறகு மர்மக் கதைகளும் காதல் கதைகளும், உச்சியில் தீவிர இலக்கியம். மேலே ஏறியவர் கீழ்ப்படியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் கற்பனை கீழ்ப்படி என்று சொல்லப்படும் நூல்கள் செய்யும் வேலையைக் காண்பதே இல்லை. ரசனை மாற்றத்தை நூல்களின் தரத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டு, மாறிக்கொண்டிருக்கும் வாசகரையும் அது மறந்துவிடுகிறது. 12 வயதில் ஒருவர் விழுந்து விழுந்து படித்த நூல், அவருக்கு 17 வயதானதும் தரம் குறைந்து போய்விடவில்லை. அந்த நூல் விடை சொல்லிக்கொண்டிருந்த கேள்வி அவருக்குள் தீர்ந்துவிட்டது.

இந்த மாற்றத்தை ஆராய்ந்தவர்களில் இருவரை முதலில் குறிப்பிட வேண்டும். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜீன் சால் 1983இல் வாசிப்பு வளர்ச்சியை ஆறு கட்டங்களாக வகுத்தார். படிக்கக் கற்றுக்கொள்ளும் காலம், படித்துக் கற்றுக்கொள்ளும் காலம் என்ற பரவலான பிரிவு அவருடைய வகுப்பிலிருந்தே வலுப்பெற்றது. ஏறக்குறைய 9 வயதில் இந்த மாற்றம் நிகழ்கிறது என்றார் அவர். ஜோசப் ஆப்பிள்யார்டு 1990இல் இதே பாதையை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். திறனை விட்டுவிட்டு, ஒவ்வொரு வயதிலும் வாசகர் ஏற்கும் பாத்திரத்தை அவர் விவரித்தார்: குழந்தை கதைக்குள் விளையாடுகிறது, பள்ளி வயதுச் சிறுவர் கதையின் நாயகராகவே ஆகிவிடுகிறார், பதின்பருவத்தினர் கதையிடம் வாழ்வின் பொருளைக் கேட்டுச் சிந்திக்கிறார், இலக்கியத்தை முறையாகக் கற்பவர் அதற்கு விளக்கம் காண்கிறார், முதிர்ந்த வாசகர் தன் தேவைக்கேற்ப இவற்றில் எதையும் எடுத்துக்கொள்கிறார். இந்தக் கடைசிப் பாத்திரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முந்தையவை அழிந்துபோவதில்லை, அவை எல்லாமே கைவசம் இருக்கின்றன என்று சொன்ன மாத்திரத்தில் மாடிப்படிக் கற்பனை கலைந்துவிடுகிறது.

தொடக்க ஆண்டுகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்போது ரசனையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் படித்துக் காட்டும் பெரியவரே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் ஆகிய இருவரும் சிறு குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லிச் சோதித்தார்கள். ஒரு சிறுவன் ஓரிடத்தில் ஒரு பொருளை வைத்துவிட்டு வெளியே போகிறான்; அவன் இல்லாதபோது அது வேறிடத்துக்கு மாற்றப்படுகிறது; திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பொருள் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். நான்கு வயதைக் கடந்த பிறகே, அவன் உண்மை அறியாதவன், ஆகவே பழைய இடத்தில்தான் தேடுவான் என்ற பதில் வரத் தொடங்கியது. கதை என்ற கலையின் பெரும்பகுதி, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதில்தான் நிற்கிறது. ஒளிந்திருக்கும் நரியை நாம் பார்த்துவிட்டோம், ஆட்டுக்குட்டி இன்னும் பார்க்கவில்லை என்ற பதைப்பு ஒரு குழந்தைக்கு எட்டும் நாளில், அது வரை வெறும் ஒலியாகவும் படமாகவும் இருந்தது கதையாகிறது. அதற்கு முன் பிடித்தவையும் பின் பிடித்தவையும் வேறு வேறாக இருப்பதில் வியப்பில்லை.

பள்ளியில் எழுத்து கைவரும் காலத்தில் ரசனை சற்றுப் பின்வாங்குவது போலத் தோன்றும். பெற்றோர் பலர் இதைக் கண்டு கவலைப்படுகிறார்கள். பிலிப் கௌ, வில்லியம் டன்மர் ஆகியோர் 1986இல் முன்வைத்த எளிய விளக்கம் இங்கே உதவும். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கப்பட்டு வருவதே படித்துப் புரிந்துகொள்வது என்றார்கள் அவர்கள். கூட்டல் அன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று சிறிதாக இருந்தால் விடையும் சிறிதாகிவிடும். காதால் பெரிய கதையைத் தாங்கும் குழந்தை கண்ணால் சிறிய கதையைத் தேடுவது இதனால்தான். எழுத்துக்கூட்டும் வேலை முயற்சியின்றி நடக்கத் தொடங்கும் வரை, கதையை ரசிக்க வேண்டிய கவனம் எழுத்துகளுக்கே செலவாகிவிடுகிறது.

இந்த முயற்சி எப்போது, எதனால் குறைகிறது என்று கேட்டால், அதிகம் பழிக்கப்பட்ட ஒரு பழக்கத்திடம் போய் நிற்போம். ஏறக்குறைய 8 வயது முதல் 12 வயது வரை, படிக்கும் பழக்கமுள்ள பிள்ளைகள் பலர் ஒரே வரிசையைச் சேர்ந்த நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துத் தள்ளுவார்கள். அதே நான்கு நண்பர்கள், அதே நாய், அதே மாதிரி ஒரு ரகசிய வழி, கடைசியில் அதே மாதிரி பிடிபடும் குற்றவாளி. பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்: திரும்பத் திரும்ப ஒன்றையே படித்தால் அறிவு எப்படி வளரும், கொஞ்சம் நல்ல புத்தகம் படிக்கக் கூடாதா? நூலகர்களும் ஆசிரியர்களும்கூட நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தார்கள். சில நூலகங்கள் இத்தகைய வரிசை நூல்களை வாங்கவே மறுத்ததுண்டு.

அந்த வயதில் அந்த நூல்கள் செய்யும் வேலையைக் கூர்ந்து பார்த்தால் இந்தச் சலிப்பு நியாயமற்றது என்பது விளங்கும். முதல் புத்தகத்தைத் திறக்கும்போது பாத்திரங்களின் பெயர்கள், இடம், பேச்சு நடை, ஆசிரியர் கதையை நகர்த்தும் விதம் எல்லாமே புதியவை. அவற்றை நினைவில் ஏற்றுவதே ஒரு வேலை. இரண்டாவது புத்தகத்தில் அந்த வேலை முடிந்திருக்கிறது. சொற்களில் பாதிக்கு மேல் பழகியவை, வாக்கியங்களின் ஓட்டம் பழகியது, அத்தியாயம் எங்கே முடியும் என்பது கூட உள்ளூரத் தெரியும். ஆகவே கண் வேகமாக ஓடுகிறது. ஓடும் கண்ணுக்குப் பின்னால் மனம் முதன்முறையாகச் சும்மா இருக்கக் கிடைக்கும் நேரத்தில் ஊகம் தொடங்குகிறது: இவர்தான் திருடனாக இருக்க வேண்டும், போன கதையிலும் இப்படித்தான் சிரித்துப் பேசியவர் ஏமாற்றினார். மூன்று நூல்களை ஒப்பிட்டு நான்காவதைக் கணிக்கும் பிள்ளை, இலக்கிய விமரிசனத்தின் முதல் பாடத்தை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டிருக்கிறது. கதை என்பது ஒருவரால் கட்டப்பட்டது, அதற்கு ஒரு வாய்பாடு உண்டு என்ற கண்டுபிடிப்பு, அதே கதையை இருபது முறை வெவ்வேறு அட்டைகளில் படித்தவருக்கே முதலில் வாய்க்கிறது.

கனடிய நூலகவியல் ஆய்வாளர் கேத்தரின் ஷெல்ட்ரிக் ராஸ், இன்பத்துக்காகத் தொடர்ந்து படிக்கும் பெரியவர்களிடம் அவர்களுடைய வாசிப்பு வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்தார். அவர்களில் பலர் சிறு வயதில் இத்தகைய வரிசை நூல்களில் ஊறிக் கிடந்தவர்கள். அந்தப் பழக்கம் அவர்களைக் கெடுத்துவிடவில்லை. எழுத்தின் மரபுகளைப் பழக்கி, படிக்க முடியும் என்ற தன்னம்பிக்கையைக் கொடுத்து, அடுத்த நூலுக்கு அனுப்பி வைத்திருந்தது. என் அனுபவமும் இதுதான். ஒரு வரிசையின் கடைசிப் புத்தகங்களில் ஒன்றைப் பாதியில் மூடி வைத்த பிற்பகல் எனக்கு நினைவிருக்கிறது. அலுப்பு என்று அப்போது நினைத்தேன். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்பதே காரணம் என்று பின்னால் புரிந்தது. அந்த வரிசை எனக்குக் கற்றுத்தர வேண்டியதைக் கற்றுத்தந்து முடித்திருந்தது.

உளவியலாளர் டேனியல் பெர்லைன் 1970களின் தொடக்கத்தில் கலை ரசனையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இந்த அலுப்பை விளக்குகிறது. மிக எளிமையானதும் மிகப் பழகியதும் நமக்குச் சலிப்பைத் தருகின்றன. அளவுக்கு மீறிச் சிக்கலானதும் அறவே புதியதும் நம்மைக் குழப்பி விரட்டுகின்றன. இன்பம் இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிறது என்றார் அவர். இந்த நடுப்பகுதி ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதே வாசிப்புக்கு முக்கியம். பழகப் பழகச் சிக்கலானது எளிதாகிறது, நடுப்பகுதி நகர்கிறது, நேற்று குழப்பிய நூல் இன்று இழுக்கிறது. அப்படியானால் ரசனையை மேலே தள்ளும் விசை அலுப்புதான். அந்த அலுப்பு உள்ளிருந்து வர வேண்டும். பிள்ளைக்கு அலுக்கும் முன்பே பெரியவருக்கு அலுத்துவிட்டது என்பதற்காகக் கையிலிருக்கும் நூலைப் பிடுங்கி, இரண்டு கட்டம் தாண்டியிருக்கும் நூலைத் திணித்தால், பிள்ளை நடுப்பகுதியிலிருந்து குழப்பத்துக்குத் தள்ளப்படுகிறது. வாசிப்பையே விட்டுவிட்டவர்களிடம் பேசிப் பார்த்தால், பலருடைய கதை இப்படி ஒரு நாளில் தொடங்குவதைக் காணலாம்.

திறனோடு அறிவும் இங்கே சேர்கிறது. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் நடத்திய ஆய்வில், 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் பத்தி படிக்கத் தரப்பட்டது. வாசிப்புத் திறன் குறைந்தவர்கள் என்று சோதனைகளில் மதிப்பிடப்பட்டிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த மாணவர்கள், திறன் மிக்கவர்களாக இருந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். ரசனைக்கு இதில் ஒரு செய்தி உண்டு. டைனோசர்களைப் பற்றியோ விண்கலங்களைப் பற்றியோ பித்துப் பிடித்த 9 வயதுப் பிள்ளை, தன் வயதுக்கு மீறிய அறிவியல் நூலைத் தயங்காமல் படிக்கும். அதே பிள்ளைக்கு எளிய கதை கூடக் கடினமாக இருக்கலாம். 'இந்த வயதுக்கு இந்த நூல்' என்ற அட்டவணைகள் இதைக் கணக்கில் கொள்வதில்லை. ஒருவருக்கே பல ரசனைகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதில் இருக்கின்றன.

இந்தக் கட்டத்தில் வாசிப்பு தானாகப் பெருகவும் செய்யும், தானாக வற்றவும் செய்யும். எளிதாகப் படிப்பவர் அதிகம் படிக்கிறார், அதனால் சொல்வளம் கூடுகிறது, அதனால் இன்னும் எளிதாகப் படிக்கிறார். திணறுபவர் ஒதுங்குகிறார், ஒதுங்கியதால் மேலும் திணறுகிறார். கீத் ஸ்டானோவிச் 1986இல் இதை விரிவாக விளக்கினார். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இருவரின் ரசனை 13 வயதில் மலைக்கும் மடுவுக்குமாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அதன் பிறகு வரும் பதின்பருவத்தில்தான் ரசனை மிக வேகமாகத் திரும்புகிறது. நல்லவர் வெல்வார், தீயவர் பிடிபடுவார் என்ற ஒழுங்கு அதுவரை ஆறுதலாக இருந்தது. இப்போது அது பொய்யாகத் தெரிகிறது. ஏறக்குறைய 11, 12 வயது முதல் கண்முன் இல்லாதவற்றையும் நடந்திருக்கக் கூடியவற்றையும் அருவமாக எண்ணிப் பார்க்கும் திறன் வளர்கிறது என்று ழான் பியாஜே விளக்கினார். உலகம் இப்போது இருப்பது போலத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்க முடிகிற மனம், இப்படி இல்லாத உலகங்களைப் படிக்க விரும்புவது இயல்பு. வருங்காலத்தில் கொடுங்கோன்மை ஆட்சி செய்யும் நாடுகள், விதிகள் மாறிய கற்பனை உலகங்கள், அறிவியல் புனைகதைகள் ஆகியவற்றின் மீது இந்த வயதில் எழும் ஈர்ப்பை வாழ்விலிருந்து ஓடி ஒளிவதாகப் பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பு வேறு. நீதி, அதிகாரம், கீழ்ப்படிதல் என்ற சொற்களை முதன்முறையாகத் தன் கையால் எடைபோட்டுப் பார்க்க முயலும் ஒருவருக்கு, அவற்றைத் தனியே பிரித்துப் பெரிதாக்கிக் காட்டும் கதை வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டுகளில் மறுபக்கத்திலிருந்து இன்னொரு தேவையும் எழுகிறது. நான் யார் என்ற கேள்வியைப் பதின்பருவத்தின் மையக் கேள்வியாக எரிக் எரிக்சன் கண்டார். அந்தக் கேள்வியோடு படிப்பவர் கதையில் தன்னைத் தேடுகிறார். சாகசம் செய்பவரைவிடத் தயங்குபவரும், வெற்றி பெறுபவரைவிடப் புரிந்துகொள்ளப்படாதவரும் அவருக்கு நெருக்கமாகிறார்கள். என்ன நடந்தது என்பதிலிருந்து, நடந்தபோது அவருக்குள் என்ன ஓடியது என்பதற்கு ஆர்வம் நகர்கிறது. தன்மையில் சொல்லப்படும் கதைகளும் நாட்குறிப்பு வடிவக் கதைகளும் இந்த வயதில் அதிகம் பிடிப்பதும், காதலும் மரணமும் சேர்ந்து வரும் கதைகளுக்குக் கண்ணீர் விடுவதும் இதனால்தான். கவிதையும் பெரும்பாலும் இப்போதுதான் நுழைகிறது. சொல்லத் தெரியாமல் உள்ளே கிடந்தது நான்கு வரிகளில் வேறொருவர் கையால் எழுதப்பட்டிருப்பதைக் காணும் அதிர்ச்சியை அந்த வயதில் அறிந்தவர்கள் பிறகு மறப்பதில்லை.

தன்னைப் போன்றவரைக் கதையில் காண வேண்டும் என்ற இந்தப் பசியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பின்னாளில் வரும் முதிர்ந்த ரசனை, தன்னைப் போல் இல்லாதவரையும் உள்ளே அனுமதிக்கும். ஆனால் தான் எங்கும் எழுதப்படவே இல்லை என்று உணர்ந்த பதின்பருவ வாசகர் அந்த இடம் வரை நடந்து போவது கடினம். படித்த எல்லாக் கதைகளிலும் தன் நிறத்தவரும் தன் மொழியினரும் தன் வீட்டைப் போன்ற வீடும் இல்லாமலே இருந்தால், புத்தகம் என்பது பிறருக்கானது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடலாம். அதை ரசனைக் குறைவு என்று சொல்வது பெரிய அநீதி.

இந்த வயதுப் பிரிவுகளில் எவ்வளவு இயற்கை, எவ்வளவு சந்தை என்பதையும் இடையில் சொல்லிவிட வேண்டும். சிறுவரை மகிழ்விப்பதற்கென்றே நூல்களை அச்சிட்டு விற்கும் தொழில் உறுதியாக வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டில்தான். லண்டனில் ஜான் நியூபெரி 1744இல் அத்தகைய நூல்களை வெளியிடத் தொடங்கினார். அதற்கு முன் எழுத்தறிந்த பிள்ளைகள் பாடநூலையும் சமய நூலையும் தவிர, பெரியவர்களுக்கு அச்சான மலிவுக் கதைகளையே படித்தார்கள். இளையோர் நூல்கள் என்ற தனி அலமாரி 20ஆம் நூற்றாண்டின் ஏற்பாடு. ஆகவே 14 வயதினர் ஒரு குறிப்பிட்ட வகை நூலை விரும்புவதாகத் தெரிவதில், அந்த வகை அவர்கள் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருப்பதற்கும் பங்குண்டு. நண்பர்கள் என்ன படிக்கிறார்கள் என்பதற்கும் அவ்வளவே பங்குண்டு.

பள்ளியும் கல்லூரியும் முடியும் தறுவாயில் சிலருக்கு வேறொரு திருப்பம் வருகிறது. கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதே சுவையாகிவிடுகிறது. கதைசொல்லியை நம்பலாமா, இந்த நிகழ்ச்சி ஏன் காட்டப்படவில்லை, இந்த வாக்கியம் ஏன் இவ்வளவு நீளம் என்ற கேள்விகள் எழுகின்றன. இது வளர்ச்சிதான், ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 20 வயதை ஒட்டி நான் சந்தித்த வாசகர்களில் பலர், நானும் அவர்களில் ஒருவன், சிறு வயதில் விரும்பிய நூல்களைச் சொல்லவே வெட்கப்பட்டோம். தாம் எதைப் படிப்பவர் என்று பிறருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் ரசனையைச் சில ஆண்டுகளுக்கு ஒரு சீருடையாக மாற்றிவிடுகிறது. உண்மையில் பிடிக்காத நூலைப் பிடித்ததாகச் சொல்லிச் சொல்லி, எது பிடிக்கும் என்பதே மறந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு வேலை, வீடு, பொறுப்புகள். நடுவயது வாசிப்பின் முதல் பிரச்சினை நேரம் என்பார்கள், அது உண்மையே. மார்க் பிரைஸ்பர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபடி, ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் பெரியவர் புனைவு நூலை நிமிடத்துக்குச் சராசரியாக 260 சொற்கள் வேகத்திலும் புனைவல்லாத நூலை 238 சொற்கள் வேகத்திலும் படிக்கிறார். 1,00,000 சொற்கள் கொண்ட ஒரு நாவலுக்கு ஆறரை மணி நேரம் போதும் என்று இதிலிருந்து கணக்கிடலாம். அப்படிப் பார்த்தால் அது பெரிய நேரமே அன்று. அந்த ஆறரை மணி நேரத்தைத் துண்டு துண்டாக, களைத்த மனத்தோடு செலவிட வேண்டியிருப்பதே ரசனையை மாற்றுகிறது. பக்கத்துக்கு இருபது பெயர்கள் வரும் பெருங்காவியம் கையிலிருந்து நழுவுகிறது. சிறுகதையும் கட்டுரையும் தனித்தனி அத்தியாயங்களாக நிற்கும் வரலாற்று நூலும் வந்து சேர்கின்றன.

இன்னொரு மாற்றம் நோக்கத்தைச் சார்ந்தது. 1938இலேயே வாசகரும் நூலும் சேர்ந்தே பொருளை உண்டாக்குகிறார்கள் என்று வாதிட்ட லூயிஸ் ரோசன்பிளாட், பின்னர் இரண்டு வகை வாசிப்பைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, படித்து முடித்தபின் எதை எடுத்துச் செல்லலாம் என்ற எண்ணத்தோடு படிப்பது. மற்றது, படிக்கும் நேரத்து அனுபவத்துக்காகவே படிப்பது. மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பதும் கவிதை படிப்பதும் இப்படி வேறுபடுகின்றன. பெரியவர்களின் அன்றாடம் முதல் வகையால் நிரம்பியிருப்பதால், நூலிலும் பயனை எதிர்பார்க்கும் பழக்கம் மெல்ல ஊறிவிடுகிறது. கதை படிப்பது நேரத்தை வீணாக்குவது, எனக்கு இப்போது உண்மைச் செய்திகள் மட்டுமே வேண்டும் என்று 35 வயதில் ஒருவர் சொல்லும்போது அது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தின் குரல். ஆனால் வாழ்க்கை வரலாறு, பயணம், இயற்கை, மருத்துவம் என்று புனைவல்லாத எழுத்துக்குத் திரும்பும் எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. வாழ்வில் போதிய நிகழ்ச்சிகளைக் கண்டவருக்கு, கற்பனை செய்யப்பட்டதைவிட உண்மையில் நடந்தது கூடுதலாக வியப்பூட்டலாம். ஒருவர் தன் தோல்வியிலிருந்து எப்படி எழுந்தார் என்பது, தானும் ஒரு முறை விழுந்தவருக்குத்தான் முழுமையாகக் கேட்கும்.

முதிர்ந்த வாசகரிடம் வேகமும் மாறுகிறது. இன்ப வாசிப்பை விரிவாக ஆராய்ந்த தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல், 1988இல் வெளியான தம் ஆய்வில், பழகிய வாசகர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த பக்கங்களை மெதுவாகப் படிப்பதைக் கண்டார். சிறு வயதில் பிடித்த இடம் வந்தால் பாய்ந்து ஓடுவோம், அடுத்து என்ன என்று அறிய வேண்டும் என்பதற்காக. இங்கே சுவைக்காகக் கால் தயங்குகிறது. முடிவை அறிவதில் உள்ள ஆவல் குறையக் குறைய, முடிவு தெரிந்த நூலைத் திரும்பப் படிப்பதும் எளிதாகிறது. 2011இல் ஜொனாதன் லெவிட், நிக்கலஸ் கிரிஸ்டென்ஃபெல்ட் ஆகியோர் 12 சிறுகதைகளை வைத்து நடத்திய சோதனையில், முடிவு முன்பே சொல்லப்பட்ட வாசகர்கள் கதையைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே விடையைத் தரவில்லை என்றாலும், மறுவாசிப்பில் இன்பம் காண்பவர்களுக்கு அந்த முடிவு புதிதாக இருந்திருக்காது.

சிறு வயதில் படித்தவையே என்றைக்கும் மனத்துக்கு நெருக்கமானவை என்று பொதுவாக நம்பப்படுகிறது. இதில் பாதியே உண்மை. ஸ்டீவ் யான்செனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007இல், பலரிடம் தங்களுக்கு மிகப் பிடித்த மூன்று நூல்கள், மூன்று திரைப்படங்கள், மூன்று இசைத்தட்டுகள் எவை, அவற்றை எப்போது முதலில் அறிந்தார்கள் என்று கேட்டார்கள். மூன்றிலுமே இளமைக் காலம் தூக்கலாகத் தெரிந்தது. அண்மைக் காலமும் தூக்கலாகத் தெரிந்தது. இளமையின் பிடி இசையில் மிக வலுவாக இருந்தது. அண்மையில் அறிந்ததன் பிடியோ நூல்களில்தான் மிக வலுவாக இருந்தது. பாட்டை ஆயிரம் முறை கேட்கிறோம், நூலை இரண்டு மூன்று முறைதான் படிக்கிறோம் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். இளமையில் கேட்ட பாட்டோடு பலர் நின்றுவிடுகிறார்கள். வாசகரோ கடைசி வரை புதிய நூலுக்கு இடம் வைத்திருக்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

உடலும் இதில் தன் பங்கைக் கேட்கும். 40 வயதைக் கடந்ததும் வெள்ளெழுத்து வருகிறது, சிறிய எழுத்தில் அச்சான தடித்த நூல்கள் தள்ளிப்போகின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள உதவும் மின்னூலும் காதால் கேட்கும் ஒலிநூலும் அந்த இடத்துக்கு வருகின்றன. புதியவற்றை விரைந்து கையாளும் திறன் மெல்லக் குறைந்தாலும், வாழ்நாள் முழுவதும் சேர்ந்த அறிவும் சொல்வளமும் 60 வயதை ஒட்டியும் வலுவாகவே இருக்கின்றன. இந்த இரண்டு திறன்களையும் வேறுபடுத்திக் காட்டியவர் ரேமண்ட் கட்டெல். ஆகவே பாத்திரக் கூட்டத்தை நினைவில் வைக்கத் திணறும் மூத்த வாசகர், ஒரு வாக்கியத்தின் உட்குறிப்பை இளையவரைவிட விரைவாகப் பிடித்துவிடக்கூடும். முன்னே இருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் புதியதைத் தேடி அலைவதைக் குறைத்து, உணர்வுக்கு நிறைவு தருவதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிறார் லாரா கார்ஸ்டென்சன். பிடிக்காத நூலை ஐம்பதாவது பக்கத்தில் குற்றவுணர்வின்றி மூடி வைக்கும் துணிவு வயதானவர்களிடம் அதிகம் இருப்பது இதனோடு பொருந்துகிறது.

கடைசியாக, வாசிப்பை இடையில் நிறுத்திவிட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். 15 வயதில் நிறுத்தியவர் 45 வயதில் மறுபடியும் ஒரு புத்தகத்தை எடுக்கும்போது, பெரும்பாலும் விட்ட இடத்துக்கே திரும்புகிறார். அன்று பிடித்த வகை மர்மக் கதையை, அன்று பிடித்த வகை வரலாற்றுக் கதையைத் தேடுகிறார். எழுத்து கொஞ்சம் இடறுகிறது, வாக்கியம் நீண்டால் கவனம் அறுகிறது, இந்த வயதில் இதையா படிப்பது என்று கூச்சப்படுகிறார். இப்படித் திரும்பி வந்த சிலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கண்ணுக்குத்தான் பயிற்சி விட்டுப்போயிருந்தது. வாழ்க்கை 30 ஆண்டுகள் முன்னே போயிருந்தது. மூன்று நான்கு மர்மக் கதைகள் முடிவதற்குள் கண் பழையபடி ஓடத் தொடங்கியது. அதன் பிறகு அவர்கள் கொலையாளி யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, கொலையுண்டவரின் மனைவி அந்த வீட்டில் தனியாக எப்படி இருந்தார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை அந்தப் புத்தகத்தில் இல்லை என்பதால், வேறு புத்தகத்தைத் தேடிப் போனார்கள்.